உட்கார்ந்து பார்க்கிற வேலை

"சூப்பர்வைசர் போகச் சொன்னாரு, வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு உக்கிரபாண்டி வாயை மூடிக்கொண்டார். இனி நான் பேசக் கூடாது. அவராக வாயைத் திறக்கிறவரைக்கும் நான் திறக்கக் கூடாது, எனக்கு இன்றைக்குப் பரீட்சையே அதுதான். பரீட்சை என்றதும் பெரிய ஹாலும் மணியடிக்கிற ஆளும் மனசில் வரும், அதெல்லாம் ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத்து ஆலோசனை மையத்தில் ஒரு சின்ன அறை, கொஞ்சம் கோணலாகப் போட்ட இரண்டு நாற்காலி, நடுவில் முக்காலி மேல் தண்ணீர் பாட்டில், மூலையில் எங்கள் பேராசிரியர் எஸ்தர் மேடம், அவர் மடியில் என் மதிப்பெண் தாள். உக்கிரபாண்டி நிஜமாகவே வந்தவர், நடிக்க வந்தவர் இல்லை. பல்கலைக்கழகத்துப் பஸ் டிரைவர். போன மாதம் ஒருநாள் காலை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தவர் பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாராம், யார் கேட்டும் பதில் இல்லையாம். திட்டித் தீர்த்து வீட்டுக்கு அனுப்பாமல் இங்கே அனுப்பிவைத்த அந்த சூப்பர்வைசர் நன்றாக இருக்கட்டும். மேடம் கூட இருப்பதற்குச் சம்மதமா என்று கேட்டேன், தலையை ஆட்டினார். "என் பேர் தவமணி, இங்க உளவியல் ஆலோசனை ரெண்டாம் வருஷம் படிக்கிறேன்" என்றேன். என் நரைத்த மீசையைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், மறுபடியும் மீசையைப் பார்த்தார். "படிக்கிறீங்களா?" என்றார். "ஆமாங்க." அதற்குப் பிறகுதான் சூப்பர்வைசர் சொல்லி வந்த கதை. நாற்பத்தேழு வயதில் ஒருத்தன் படிக்கிறேன் என்று சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை. கல்லூரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்க்கும்போது எனக்கே பாதி நம்பிக்கைதான்.

பேசக் கூடாது. சரி, பேசவில்லை. ஃபேன் சுற்றுகிறது. வெளியே யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கிறார்கள். உக்கிரபாண்டி தரையைப் பார்க்கிறார். தரையில் என்ன இருக்கிறது, ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத இடத்தை ஒரு மனிதர் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு உள்ளங்கை அரிக்கும், இருபத்து மூன்று வருஷத்து அரிப்பு அது. விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுச் சேலை செக்‌ஷனில் நின்றவன் நான். எங்களுக்கு அங்கே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான், விரிப்பு வெறுமையாகத் தெரியக் கூடாது. வந்த அம்மாவுக்கும் நமக்கும் நடுவே வெள்ளை மெத்தை விரிப்பு வெள்ளையாகவே கிடந்தால் வியாபாரம் போச்சு. அவர் கண் சேலையை விட்டு நகர்கிறதா, அடுத்ததை உதறிப் போடு. பேச்சு நின்றதா, பார்டரைப் பற்றிச் சொல். பார்டரைச் சொல்லியாகிவிட்டதா, முந்தியைக் காட்டு. சும்மா இருக்கிற கையைப் பார்த்தால் வந்தவர் எழுந்துவிடுவார் என்பது எங்கள் வேதம். அந்த வேதம்தான் போன செமஸ்டரில் என்னைக் கவிழ்த்தது. அன்றைக்கு எதிரே உட்கார்ந்தவள் என்கூடப் படிக்கிற ரிஸ்வானா. அம்மாவைப் பறிகொடுத்த பெண்ணாக நடித்தாள், நன்றாகவே நடித்தாள், நடுவில் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான். என் கை தானாக நீண்டது, வாய் தானாகத் திறந்தது. "இது சரிவரலைன்னா வேற எடுத்துப் போடவாம்மா?" என்றேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். அம்மாவைப் பறிகொடுத்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். வகுப்பே சிரித்தது, எஸ்தர் மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. சிரித்து முடித்ததும் மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மதிப்பெண் தாளில் 'தேறவில்லை' என்று எழுதினார்.

வேற எடுத்துப் போடவா. இதோ, இப்போதும் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. போ, போ. மேல் அண்ணத்தில் நாக்கை ஒட்டிவைத்துக்கொள்கிறேன். இவர் மடியில் ஒரு துண்டு கிடக்கிறது, ஈரிழைத் துண்டு, கசங்கிய கசங்கலில் பாதி முழங்காலுக்கு அந்தப் பக்கம் தொங்குகிறது. அதை எடுத்து உதறி நாலாக மடித்து வைத்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும். பேசாமல் இருக்கச் சொன்ன மேடம் மடிக்கக் கூடாது என்று சொல்லவில்லையே. தவமணி, உதை வாங்குவாய். மூலையில் பேனா உரசுகிற சத்தம் கேட்கிறது. எதை எழுதுகிறார்? நான் ஒன்றுமே செய்யவில்லையே, ஒன்றும் செய்யாதவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? திரும்பிப் பார்க்கக் கூடாது. சுவரில் கடிகாரம் இருக்கிறது, அதையும் பார்க்கக் கூடாது, பார்த்தால் எதிரே இருப்பவருக்கு 'போதும், கிளம்பு' என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். ஜவுளிக்கடையில் இந்தத் தொல்லையே இல்லை, கடிகாரமே மாட்ட மாட்டார்கள். வந்தவருக்கு நேரம் தெரியக் கூடாது, நிற்கிற எங்களுக்கும் தெரியக் கூடாது. காலுக்கு மட்டும் தெரியும்.

கால். காலுக்குத்தான் நான் முதலில் நன்றி சொல்ல வேண்டும், அது கெட்டுப்போனதால்தான் இங்கே இருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டு, சாயங்காலமானால் செருப்புக்குள் பாதம் நுழையாது. கடையில் உட்கார ஸ்டூல் போட்டார்கள், நிற்கிற ஆட்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு. ஆனால் உட்கார்ந்தவனை யார் சேலை காட்டக் கூப்பிடுவார்கள்? தூணில் சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு மைக்கில் பேரைச் சொல்வார்கள். 'தவமணி, மூணாவது கவுண்டர்' என்று மாடி முழுக்க என் பெயர் கேட்கும், சாய்ந்த முதுகு தானாக நிமிரும். பெரியாஸ்பத்திரி டாக்டர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "நிக்கிற வேலைய விடுங்க, இல்லைன்னா ஒருநாள் கால் உங்கள விட்டுரும்" என்றார். அதற்குப் பிறகு மருந்துச் சீட்டோடு என்னைப் பக்கத்து ஆலோசனை அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார், என்னைவிட வயதில் சின்னவர். "வீட்ல எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. என்னிடம் அதுவரை அப்படிக் காத்திருந்தவர் யாரும் இல்லை, என் வாய்க்குள் என்னென்ன கிடந்தது என்று எனக்கே தெரியாது. அப்பா செத்த அன்றைக்கு முகூர்த்த வியாபாரத்தின் நடுவில் செய்தி வந்தது, அந்தச் சேலையை மடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன் என்பதைக்கூடச் சொன்னேன். மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டேன், "ஏம்மா, இதான் உங்க வேலையா?" "ஆமாண்ணே." "உக்காந்துக்கிட்டேவா?" அவர் சிரித்துவிட்டார். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன், அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம்.

நானும் அந்தப் படிப்பைப் படிக்கப்போகிறேன் என்று வீட்டில் போய்ச் சொன்னதும் பாண்டீஸ்வரி, என் மனைவி, மாவு வழிக்கிற கையோடு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பேசாம உக்காந்திருக்கிறதுக்கு ஒரு படிப்பா? அத நீங்க வீட்லயே படிச்சிருக்கலாமே" என்றாள். சின்ன வயதில் தபாலில் வாங்கிய பி.ஏ. சான்றிதழைப் பீரோவுக்குள் தேடி எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். "ரெண்டு வருஷம்தான, அரைச்சுத் தள்ளிருவேன்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கிரைண்டரை வாங்கிப் போட்டாள். இட்லி மாவு, தோசை மாவு, ராகி மாவு, தெருவே எங்கள் வீட்டு வாசலில் பாத்திரத்தோடு நிற்கிறது. இப்போது அவளுக்கு வலது தோளைத் தூக்க முடியவில்லை. தலை சீவ மகளைக் கூப்பிடுகிறாள், ஏன் என்று கேட்டால் கழுத்துச் சுளுக்கு என்கிறாள். எனக்குத் தெரியாதா? அதுதான் இந்த அறையில் எனக்குப் பயம், மேடம் இல்லை, மதிப்பெண் இல்லை, அந்தத் தோள். இதில் தேறினால் வருகிற திங்கட்கிழமையிலிருந்து பெரியாஸ்பத்திரியில் பயிற்சி, அது முடிந்ததும் வேலை. தேறாவிட்டால் இன்னொரு வருஷம், இன்னொரு வருஷத்து மாவு. அவள் முடியாது என்று சொல்ல மாட்டாள், அதனால் நான்தான் சொல்லியாக வேண்டும். கடையின் மாடி மேனேஜர் அய்யாத்துரை போன வாரம்கூடப் போனில் கூப்பிட்டார். "தீபாவளிக்கு ஆள் பத்தல தவமணி, உன் எடம் அப்படியேதான் கெடக்கு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த நல்ல மனசை நினைத்தாலே கெண்டைக்கால் இழுக்கிறது.

இழுக்கிறது, நிஜமாகவே இழுக்கிறது. காலை நீட்டலாமா? நீட்டினால் இவர் நிமிர்ந்து பார்ப்பார், பார்த்தால் என்னமோ ஏதோ என்று நினைப்பார். டாக்டர் போடச் சொன்ன இறுக்கமான காலுறைக்குள் விரலை மட்டும் மடக்கி நீட்டுகிறேன். ரிஸ்வானா இதற்குத்தான் பயிற்சி கொடுத்தாள். என் மகளைவிட நாலைந்து வயது பெரியவள், முதல் வாரம் அங்கிள் என்றாள், பிறகு அண்ணே ஆகிவிட்டேன். கேன்டீனில் எதிரே உட்காருவாள், அவள் டீ முடிகிறவரைக்கும் நான் பேசக் கூடாது, பேசினால் டீ என் கணக்கு. அந்தப் பிள்ளை டீயைக் குடிக்கிற குடியைப் பார்க்க வேண்டும், ஒரு பறவைகூட அதைவிட வேகமாகக் குடிக்கும். முதல் நாள் இரண்டு வாய் தாண்டவில்லை, "சக்கரை போதுமா?" என்று கேட்டுவிட்டேன். "அண்ணே, வாய மூடச் சொன்னா மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்கீங்க? கடன் கேக்க வந்த மாதிரி இருக்கு" என்பாள். மூஞ்சியை எப்படி வைத்துக்கொள்வது என்று அவளே காட்டுவாள். எத்தனை டீ! தன் நோட்ஸைப் படிக்க வேண்டிய நேரத்தில், நரைத்த மீசைக்காரன் ஒருவனுக்குச் சும்மா இருக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டரில் பிரசன்டேஷன் செய்யச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான், நான் எழுத்தெல்லாம் ரோஸ் கலரில் போட்டதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ஆடித் தள்ளுபடி போஸ்டர் இல்ல" என்றாள். இப்போது கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள், போகச் சொன்னாலும் போக மாட்டாள். இந்தப் பிள்ளைகள் என்னை ஓரத்தில் விட்டிருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள், ஆனால் விடவில்லை.

உக்கிரபாண்டி அசைந்தார். பேசப்போகிறார். இல்லை, மூச்சு விட்டார். பெரிய உடம்பு, மூச்சு வெளியே வந்த பிறகு சட்டைப் பித்தான்கள் கொஞ்சம் தளர்ந்து உட்காருகின்றன. கையைப் பார்க்கிறேன். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து உள்ளங்கை ஓரம் காய்த்துப்போயிருக்கிறது. ஏன் வண்டியை நிறுத்தினார்? பொண்டாட்டியோடு சண்டையா, பிள்ளை சொல்பேச்சு கேட்கவில்லையா, யாரையாவது இடித்துவிட்டாரா, நெஞ்சு வலியா? நிறுத்து, தவமணி. இதுவும் சேலை உதறுகிற வேலைதான். வாயால் போடாமல் மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்க்கிறாய், எது இவருக்குப் பொருந்தும் என்று. மேடம் ஒருநாள் வகுப்பில் சொன்னார், "அவரு பேசாம இருந்தா அது அவரோட மௌனம், உங்களோடது இல்ல. அடுத்தவங்க பொருள நீங்க எடுப்பீங்களா?" நான் எழுந்து நின்று, எடுக்க மாட்டேன் மேடம் என்று சொன்னேன். எழுந்து நிற்காமல் எனக்குப் பதில் சொல்ல வராது, மேடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஆனால் மேடம், அவருடையது என்று எப்படித் தெரியும்? இங்கே இரண்டு பேர் பேசாமல் இருக்கிறோம். அவர் பேசாமல் இருப்பது அவருடையது. எனக்கு இப்படி வியர்க்கிறதே, இது யாருடையது? வயிறு வேறு இரைகிறது. காலையில் இட்லி இறங்கவில்லை, ஊரே எங்கள் வீட்டு மாவில் சாப்பிட்டிருக்கும், நான் மட்டும் சாப்பிடவில்லை. இரையாதே. உன் வயிறு பேசினாலும் பேச்சுதான்.

துண்டு நழுவுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக, தொங்குகிற பக்கத்துக் கனம் இந்தப் பக்கத்தையும் இழுத்துக்கொண்டு, முழங்காலைத் தாண்டி, விழுந்தேவிட்டது. என் உடம்பு பாதி குனிந்துவிட்டது. துணி தரையில் விழுந்தால் பறந்துபோய் எடுப்போம் நாங்கள், வந்தவர் கைக்குட்டையாக இருந்தாலும் சரி, எடுத்து உதறி இரண்டு கையாலும் நீட்டுவோம், அவரும் மகிழ்ந்து ஒரு சிரிப்புச் சிரிப்பார், அதிலிருந்து பேச்சை ஆரம்பித்துவிடலாம். அவர் துண்டு. அவருடையது. குனிந்த உடம்பை எப்படி நிமிர்த்துவது, காலுறையைச் சரிசெய்கிற மாதிரி பாவனை செய்தேன். மேடம் பார்த்திருப்பார், எழுதியிருப்பார், போகட்டும். துண்டு தரையில் கிடக்கிறது. இவருக்கு விழுந்ததே தெரியவில்லை, வெறும் மடியில் இரண்டு கையும் மல்லாந்து கிடக்கின்றன. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவர்கள் ஞாபகம் எனக்கு வந்தது. கோடி எடுக்க வருகிறவர்கள். இத்தனை நாளாக எப்படி வராமல் போனது? தங்கச்சி புருஷன் இறந்துபோனால் பிறந்த வீட்டிலிருந்து அவளுக்குப் புதுச் சேலை கொண்டுபோக வேண்டும், அதற்குக் கோடி என்று பேர். அண்ணனோ தம்பியோ வருவான். உள்ளே வரும்போது எங்கள் கடைக் கண்ணாடிகளில் ஒன்றையும் பார்க்காமல் வருவான், அதை வைத்தே எங்களுக்குத் தெரிந்துவிடும். அவனிடம் வாங்க வாங்க என்று சொல்ல மாட்டோம். என்ன ரேட்டில் என்று கேட்க மாட்டோம். இரண்டோ மூன்றோ சேலையை உதறாமல் மெதுவாக எடுத்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். யாரும் சொல்லித் தந்ததில்லை, அந்த ஒரு ஆளுக்கு மட்டும் விரிப்பு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வெறுமையாகக் கிடக்கலாம். பெரிய முகூர்த்த நாளில், பக்கத்துக் கவுண்டரில் கல்யாண வீட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டிருக்க, ஒரு மனிதன் மடித்த சேலை மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான், நானும் நின்றேன். மைக்கில் என் பேரைச் சொன்னார்கள், நான் போகவில்லை. அவனாக ஒன்றைத் தொட்டுக் காட்டுகிறவரைக்கும் நின்றேன்.

அப்படியானால் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த வேலைதான் இது. தோளிலிருந்து எதுவோ இறங்கின மாதிரி இருக்கிறது. நாற்காலி முதுகில் சாய்ந்து உட்கார்கிறேன், சாய்ந்தால் இங்கே யாரும் பேரைச் சொல்ல மாட்டார்கள். உக்கிரபாண்டி, நீங்கள் மெதுவாக வாருங்கள். நான் எங்கேயும் போகவில்லை. ஃபேன் சுற்றுகிறது, சுற்றட்டும். முன்பு பிரம்பால் அடிக்கிற மாதிரி இருந்த அதே சத்தம் இப்போது வெறும் ஃபேன் சத்தம். எவ்வளவு நேரமாகக் கை அரிக்கவில்லை என்று கவனித்தேன், கவனித்ததும் லேசாக அரித்தது, விட்டுவிட்டேன். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருக்கிறது, துக்கத்தில் இல்லை. ஒரு மனிதன் இந்த வயதில், பகல் வெளிச்சத்தில், இன்னொரு மனிதனோடு சும்மா உட்கார்ந்திருக்கிறான், இதற்காக ஒருத்தி தோள் வலிக்க மாவு அரைக்கிறாள், ஒருத்தி டீ டீயாகக் குடித்துத் தள்ளுகிறாள், ஒருத்தர் சிரித்துச் சிரித்து என்னைத் தோற்கடித்துவிட்டு மறுபடியும் ஒரு நாள் குறித்துக் கொடுக்கிறார். நான் இவர்களுக்கெல்லாம் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. தேறாமல் போனாலும் சரி என்று ஒரு நொடி தோன்றியது. உடனே அந்தத் தோள் ஞாபகம் வந்தது, சரி இல்லை, தேற வேண்டும், ஆனால் அது இவர் தலையில் ஏறி உட்காரக் கூடாது. இவர் எனக்கு மதிப்பெண் வாங்கித்தர வரவில்லை.

உக்கிரபாண்டி குனிந்தார். தரையில் கிடந்த துண்டை எடுத்தார். எடுத்தவர் தோளில் போடவில்லை, இரண்டு கையிலும் ஏந்தி முகத்தை அதற்குள் வைத்துக்கொண்டார். முகத்தைத் துடைக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். துடைக்கிறவர் இவ்வளவு நேரம் துடைக்க மாட்டார். பெரிய முதுகு, சத்தம் ஒன்றும் இல்லை, கழுத்து நரம்பு மட்டும் ஏறி இறங்கியது. முன்பே நான் அந்தத் துண்டை எடுத்து நீட்டியிருந்தால் 'தேங்க்ஸுங்க' என்று வாங்கித் தோளில் போட்டிருப்பார், எல்லாம் அதோடு முடிந்திருக்கும். பிழைத்தேன். நான் தண்ணீர் பாட்டிலைக்கூடத் தள்ளவில்லை. அவர் முகத்தை எடுத்தபோது நான் பார்த்தபடியேதான் இருந்தேன், அவரும் பார்த்தார். எதற்கு அழுதார் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்தேன். மறுபடியும் தரையைப் பார்க்கத் தொடங்கினார்.

மூலையில் எஸ்தர் மேடம் தாளைத் திருப்பினார். நேரம் முடியப்போகிறது என்பதற்கு அது அடையாளம். முடித்துவைக்கிற பொறுப்பு மட்டும் என்னுடையது, அதற்குப் பேசலாம். "இன்னைக்கு நமக்கு நேரம் முடியப்போகுதுங்க" என்றேன். இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தபோது சொன்ன அந்த ஒரு வரிக்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. அவர் எழுந்தார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார், கதவு வரைக்கும் போனார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகைக் காட்டியபடியே பேசினார். "வண்டிய ஆஃப் பண்ணாலும் காதுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குங்க. வீட்ல படுத்தாலும் ஓடுது. அன்னைக்கு ரோட்ல ஓரங்கட்டிப் பாத்தேன், அப்பயும் நிக்கல." நான் காத்திருந்தேன். "இங்கன கொஞ்ச நேரம் நின்னுச்சு" என்றார். பிறகு திரும்பி என்னை நேராகப் பார்த்தார். "அடுத்த வியாழக்கெழமயும் நீங்கதான இருப்பீங்க? வேற ஆள மாத்திர மாட்டாங்கல்ல?"

"நான்தாங்க இருப்பேன்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனார். கதவு சாத்திக்கொண்ட பிறகுதான் நான் சொன்னது எனக்கு உறைத்தது. தேறியிருந்தால் திங்கட்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரியில் இருப்பேன். தேறாவிட்டால் இந்த அறைக்குள் வரவே எனக்கு அனுமதி இல்லை. எப்படிப் பார்த்தாலும் அடுத்த வியாழக்கிழமை இந்த நாற்காலியில் நான் இருக்க வழியில்லை. இவ்வளவு நேரம் வாயைக் கட்டிவைத்துவிட்டு, திறந்ததும் இல்லாத சரக்கை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எழுந்து நின்றுகொண்டு எஸ்தர் மேடத்தைப் பார்த்தேன். அவர் தாளில் ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடினார். "ஆஸ்பத்திரில நான் பேசிக்கிறேன்" என்றார். "வியாழக்கெழம மட்டும் அங்க போகாம இங்க வந்துருங்க. அவரு வருவாரு." எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், மேடம் நிற்கச் சொல்லவில்லை. நன்றி மேடம் என்று சொல்ல வேண்டும், அவருக்கு, வெளியே நகம் கடிக்கிறவளுக்கு, வீட்டில் மாவு வழிக்கிறவளுக்கு, பேர் கேட்காமல் வந்த அந்தப் பெண்ணுக்கு, எல்லாருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இருபத்து மூன்று வருஷம் ஓயாமல் ஓடிய வாய்க்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. மேடம் அவசரப்படுத்தவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நான் பேசுகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தார்.